வெள்ளிக்கிழமை மூன்றரை மணிச் சாப்பாடு

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். மாடிக் கொடியில் கிடந்ததை எல்லாம் ஹாலுக்குள் கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் விரித்தாயிற்று. வீடு முழுக்க ஈரவாடை.

லேப்டாப் மௌத், செத்தே போயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணாச்சி போன் போட்டுச் சொன்னார். "மதர்போர்டு போயிட்டும்மா. இனி இதுல எதப் போட்டாலும் தண்டம். வச்சிருக்கவா, தூக்கிப் போட்டுரவா?" வச்சிருங்க என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

(மௌத் என்று எழுதியிருக்க வேண்டாம். மாமி மௌத்தாகி இரண்டு மாதம்தான் ஆகிறது.)

இன்னொன்று சீக்கிரம் வாங்க வேண்டும். இலஞ்சி தேங்காய் மண்டிக்கு வீட்டில் இருந்தே பில் போடுகிற வேலை ஒரு வாரமாக நிற்கிறது. அதை விட முக்கியம் வெள்ளிக்கிழமை.

இவர் சவுதியில், தம்மாமில் வேலை. அங்கே வெள்ளி லீவு. ஜும்மா முடித்து அறைக்கு வந்து சோற்றைத் திறக்கும்போது இங்கே மூன்றரை. நாங்களும் அதுவரை காத்திருப்போம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அவர் அங்கே, நானும் மாமியும் இங்கே, ஒன்றாகச் சாப்பிடுவோம். கல்யாணத்துக்குப் பிறகு இவர் முதல் தடவை திரும்பிப் போனதில் இருந்து இதுதான். மாமிக்குச் சுகர். பன்னிரண்டு மணிக்கே மடியில் இரண்டு பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்றுவிட்டு, மூன்றரைக்கு, "மவன் வாயில வைக்காம நான் எப்படித் திங்க?" என்பாள்.

அண்ணாச்சி இரண்டு சொல்கிறார்.

ப.மா. (பழைய மாடல்): செத்துப்போனதேதான், அதே மாடல். கம்பெனி நிறுத்திவிட்டது. கடையில் பார்வைக்கு வைத்திருந்த கடைசிப் பீஸ். நல்ல தள்ளுபடி. கனம். கேமரா நம்முடையது மாதிரியே, வைத்த இடத்தில் வைத்தபடி அறை முழுக்கக் காட்டும்.

பு.மா.: மெலிசு. வேகம். பாட்டரி நிற்கும். விலை கேட்டால் தாகம் எடுக்கிறது. கேமரா ஆளைத் தேடிப் பிடிக்குமாம்.

இவருக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில். "பழசே எடு நூரு. அதே மாதிரி இருக்கட்டும்."

எது அதே மாதிரி?

ஜூலை 18, வெள்ளி

சாரல் விடவில்லை. கத்தரிக்காய் குழம்பு, அப்பளம். கறிக்கடைக்குப் போகச் சோம்பல்.

இரண்டு தட்டு வைத்துவிட்டேன். சோறு போடும்போதுதான் கவனித்தேன். எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை, அப்படியே கிடந்தது.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து அவரோடு பேசினேன். சலாம், சுகமா, மழையா. பிறகு, "போனக் கொஞ்சம் அங்கன திருப்பேன்." திருப்பினேன். அங்கே மாமியின் நாற்காலி. கை வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் மாமியின் வெள்ளைத் துப்பட்டி போட்டபடி. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். முடிக்கிற வரை திருப்பச் சொல்லவில்லை. நான் ஒரு செம்பின் பின்னால் உட்கார்ந்து அப்பளம் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகும் இப்படித்தான். என்னைப் பார்ப்பதே இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நாற்காலி மேல் பொறாமை.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மே மாதம் அன்று மதியம் லுஹருக்கு மாமி போனாள், சாயங்காலம் மஃரிபுக்கு முன்னால் எடுத்துவிட்டோம். தம்மாமில் இருந்து எப்படி வர முடியும். வீடியோவில் முகமாவது பார்க்கட்டும் என்று லேப்டாப்பை மேசையில் வைத்தோம். பாட்டரி ஏற்கெனவே செத்தது, ஒயர் கட்டில் வரை எட்டாது. கடைசியாக முகம் திறந்து, எல்லாரும் மாமியிடம் பொருத்தம் கேட்கிற, செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற நேரத்தில் படம் உறைந்துபோனது. அதற்கு முந்தின நிமிஷத்தில் நின்றுவிட்டது. இவர் திரையில் காலி நாற்காலியும் நாலு பேர் முதுகும் மட்டும். கபன் துணியைத் திரும்ப மூடுகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் இருந்ததே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மய்யித்தைப் படம் பிடிக்கக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டிய அதட்டலில் யாரும் போனைத் தொடவில்லை.

ஆக, அவருக்கு அந்த நாற்காலிதான் கடைசி முகம். புரிகிறது. புரிந்தாலும் கோபம் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாமி இருந்தபோதும் படத்தில் எனக்குப் பாதி முகம்தான். சாப்பிடச் சாப்பிட நாற்காலியை என் பக்கமாக இழுத்து இழுத்துப் போடுவாள், கேமராவுக்கு நேரே வர. டர்ர்ர் என்று தரையில் சத்தம் வரும். கடைசியில் நடுவில் மாமி, ஓரத்தில் என் ஒரு காது, ஒரு கண். இவர் எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறேன்.

புதுசுதான் வாங்கப்போகிறேன். ஆளைத் தேடிப் பிடிக்கும் கேமரா. என்னைப் பிடிக்கட்டும்.

ஜூலை 19, சனி

மைமூன் மைனி செங்கோட்டையில் இருந்து பஸ்ஸில் வந்தாள். இவருக்கு அக்கா. அந்தப் பக்கம் வாக்கப்பட்டதில் இருந்து பாதி மலையாளம். "மழை நனையாண்டாம், குடை எடு" என்று எனக்கே உத்தரவு. இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

முதலில் பழசு. அண்ணாச்சி கேமராவைப் போட்டுக் காட்டினார். கடை முழுக்கத் தெரிந்தது. தெருவில் போகிற ஆட்டோ கூட. நாங்கள் நடுவில் எங்கோ சின்னதாக. மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. "உம்மா இருந்தது இதுலதாம்ல."

"மைனி, மாமி வீட்டுல இருந்தாங்க. லேப்டாப்புக்குள்ள இல்ல."

"ஏட்டி, ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில்."

பிறகு புதுசு. நான் முன்னால் உட்கார்ந்தேன். படம் மெதுவாக என் கிட்டே வந்தது. பின்னால் அலமாரி, தெரு எல்லாம் போயிற்று. நான் மட்டும், இரண்டு காதோடும். மைனி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் தானாகப் பின்னால் போய் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டது.

"ஒத்த ஆளுன்னா கிட்ட வரும். ரெண்டாவது ஆளு வந்தா தானாத் தள்ளிப் போயி ரெண்டு பேரையும் பிடிச்சிக்கிடும். ஒருத்தர விட்டுராது பாத்துக்கோங்க" என்றார் அண்ணாச்சி, தானே கண்டுபிடித்தது போல.

மைனிக்குப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள். படம் அப்படியே நின்றது. வலது பக்கம் நான், இடது பக்கம் காலி ஸ்டூல்.

"மைனி போயிட்டாங்களே அண்ணாச்சி. இன்னும் எடம் விட்டு வச்சிருக்கு?"

"கொஞ்சம் பொறுக்கும்மா அது. போன ஆளு திரும்பி வருதாங்களான்னு பாத்துட்டுத்தான் கிட்ட வரும்."

பொறுத்தேன். டீ வந்தது, குடித்து முடித்தேன். ஸ்டூலுக்கான இடம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி மூடித் திறந்தார், பிறகு கிட்டே வந்தது. "புதுசுல்லா, பழகணும்" என்றார். யார் பழகணும் என்று கேட்கவில்லை.

மைனி கடைசி வரை பழசு பக்கம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. மைனி முன்னால் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை 21, திங்கள்

வாங்கியாச்சு. புதுசு.

இவரிடம் மண்டி வேலைக்கு வேகமாக இருக்கும் என்றேன். "சரி, ஒன் இஷ்டம்" என்றார். இந்த நாலு எழுத்து 'இஷ்டம்' இருக்கிறதே, அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

சாயங்காலம் மேசையில் வைத்துக் கேமராவை மட்டும் திறந்து பார்த்தேன். கிட்டே வந்தது. நாற்காலி படத்தில் இல்லை. திருப்தி. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இத்தனை நாள் நானும் பார்க்கவில்லை.

வாங்க: பச்சரிசி, சோப்பு, பாச்சை உருண்டை.

ஜூலை 22, செவ்வாய்

மண்டியில் கோமதி கணக்கு பார்க்கிறாள். அவளோடு வீடியோவில் உட்கார்ந்து பாக்கி பில்களை முடித்தோம். நன்றாகத்தான் போனது. நடுவில் கோமதி, "யக்கா, பக்கத்துல ஆரும் இருக்காங்களா?"

"இல்லியே. ஏன்?"

"நீங்க ஓரமாப் போயிட்டிய. இருந்தா இப்பிடி வரச் சொல்லுங்கக்கா, நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

திரையின் மூலையில் என் படம் வருகிற சின்னப் பெட்டியைப் பார்த்தேன். படம் பின்னால் போயிருந்தது. வலது ஓரத்தில் நான். இடது பக்கம் சிவப்பு நாற்காலி, முழுசாக. நான் அசையவே இல்லை.

அண்ணாச்சிக்குப் போன். சிரித்தார். "நாக்காலில துணி கிணி கெடக்காம்மா? சில நேரம் துணிய ஆளுன்னு நெனச்சுக்கிடும்."

துப்பட்டி கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. மடித்துப் பாச்சை உருண்டையோடு பீரோவில் வைத்தேன். கேமரா நல்ல பிள்ளையாக என் முகத்துக்கு வந்துவிட்டது. ஒரு துணிக்கா இவ்வளவு நேரம் பயந்தேன்!

ஜூலை 23, புதன்

துணி இல்லை. இன்றும் நகர்ந்தது.

பில் போட்டுக்கொண்டே கேமராவைத் திறந்து வைத்திருந்தேன், சோதிக்க. பதினொன்றே முக்கால், பன்னிரண்டு இருக்கும். மெதுவாகப் பின்னால் போயிற்று. வெறும் நாற்காலி, அதற்கு ஒரு ஆள் அளவு இடம். தலைக்கு மேலே கூடக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது, ஆள் உட்கார்ந்தால் விடுவது போல.

செய்து பார்த்தவை: சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினேன். ஃபேனை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். அடுப்படி லைட்டைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தானாகவே கிட்டே வந்தது. ஏன் வந்தது என்றும் தெரியவில்லை.

நம்ம மார்க்கத்தில் இதெல்லாம் கிடையாது. வெள்ளி இரவானால் மௌத்தானவர்களின் ரூஹு வீட்டைப் பார்க்க வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் திட்டுவார். தவிர, இன்று புதன்.

நாற்காலியைத் தூக்கிப் பின் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அது இருந்த இடத்தில் தரையில் நாலு கோடு. இழுத்து இழுத்து டைல்ஸ் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கோடும் என் இடத்தைப் பார்த்து வருகிறது.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டில் ஒன்று. எனக்குத் தனியாக இருந்து மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பார். இல்லையென்றால் நம்புவார். நம்பிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் என் பக்கம் திரும்ப மாட்டார்.

ஜூலை 24, வியாழன்

மைனி கட்டாயப்படுத்தி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். "வீட்டுக்குள்ளயே கெடந்து மொகமே மாறிப்போச்சு ஒனக்கு." சீசன் கூட்டம். நல்ல தண்ணீர். மேலே மலை தெரியாமல் மேகம். நேரம் போனதே தெரியாமல் நின்றோம், காது அடைத்துப்போயிற்று. பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா எல்லார் தலையிலும் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். நல்ல சிரிப்பு. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

தண்ணீரை விட்டு வரும்போதுதான் மைனி நின்றாள். "நூரு, துணிப்பை ஆருட்ட குடுத்த?"

"நான் எங்க குடுத்தேன்? நீங்கதான பெஞ்சுல வச்சிய."

இரண்டு பேருமே வைத்துவிட்டுப் போயிருக்கிறோம். மாற்றுத்துணி, போன், வீட்டுச் சாவி எல்லாம் அதில். எங்களுக்கு அப்படியே பழக்கம். மாமி ஒருநாளும் அருவியில் குளிக்க மாட்டாள். அந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் எல்லார் துணியையும் வைத்து, நனையாமல் குனிந்து மூடிக்கொண்டிருப்பாள். வருஷா வருஷம். நாங்கள் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்கு ஓடுவோம். இன்றும் ஓடியிருக்கிறோம், இரண்டு பேரும், ஆள் இல்லை என்ற நினைப்பே இல்லாமல்.

பை இருந்தது. வைத்த இடத்தில்.

பெஞ்சு முழுக்க ஈரம். பக்கத்தில் யாரோ வைத்திருந்த துண்டு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. எங்கள் பை காய்ந்திருந்தது. உள்ளே துணி மொடமொடவென்று வீட்டில் மடித்த மாதிரி. மரத்தில் இருந்து சொட்டிக்கொண்டேதான் இருந்தது. என் கையிலேயே விழுந்தது.

மைனி பையைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மரம் மறைச்சிருக்கும்" என்றாள். நானும் "ஆமா மைனி" என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மைனி, "உம்மாக்கு மங்குஸ்தான் வாங்கலியேட்டி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் வாங்கியிருந்தேன். எனக்குப் பிடிக்காது. பையின் அடியில் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில்.

நெய்ச்சோறு, கறி, தயிர் வெங்காயம். இன்றும் இரண்டு தட்டு. இன்று தெரிந்தே வைத்தேன். மங்குஸ்தான் இரண்டை உடைத்து அந்தத் தட்டில் வைத்தேன். நாற்காலி பின் அறையில்தான். கதவு சாத்தியிருந்தது.

மூன்றரைக்கு அவர் வந்தார். சின்னப் பெட்டியில் நான் மட்டும். முழு முகம். அவர் சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்தார். "மெலிஞ்சிட்டியே நூரு. கண்ணுல்லாம் கறுத்துக் கெடக்கு. ஒழுங்காத் திங்குதியா, இல்லியா?"

எத்தனை நாள் ஆயிற்று. வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினேன். இதற்குத்தானே இந்தப் பாடு. நல்ல வேளை புதுசு வாங்கினேன் என்று நினைத்தேன். சரியாக அந்த நேரத்தில் படம் நகர்ந்தது.

"ஏன் தள்ளித் தள்ளிப் போற?"

"நான் எங்கயும் போகலியே."

"போறியே. ஓரத்துக்குப் போயிட்ட."

பெட்டியில் வலது பக்கம் நான். இடது பக்கம் மேசை, தட்டு, அதற்குப் பின்னால் சுவர். நாற்காலி கூட இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் கேமரா இடம் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். "நாற்காலி எங்க?"

"உள்ள போட்டிருக்கேன்."

"கொண்டா."

"சாப்பிட்டு முடிங்க, பொறவு..."

"கொண்டா நூரு."

எழுந்து போனேன். பின் அறைக் கதவைத் திறந்தேன். நாற்காலி நான் போட்ட மூலையில் இல்லை. கதவுக்கு உடனே பின்னால் இருந்தது, இடித்துக்கொண்டேன். நான்தான் அப்படிப் போட்டிருப்பேன். அன்று அவசரத்தில் போட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு வந்தால் இவர் முகம் திரையில் வெளிறிப்போயிருந்தது. கண் சிமிட்டவில்லை.

"என்ன?"

"நீ எந்திரிச்சுப் போனேல்லா. அப்ப கேமரா கிட்ட வந்துச்சு."

"எதுக்குக் கிட்ட? இங்கன ஆரும் இல்லியே."

கண்ணால் மட்டும் காட்டினார், மேசைக்கு இந்தப் பக்கம், மங்குஸ்தான் தட்டுக்கு நேரே. ஒத்த ஆளுன்னா கிட்ட வரும் என்று அண்ணாச்சி சொன்னது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை அந்த இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் என் இடத்திலேயே உட்கார்ந்தேன். படம் தள்ளிப் போய் எங்களை நடுவில் வைத்துக்கொண்டது. எங்களை என்றுதான் எழுத வருகிறது.

வாடை ஒன்றும் இல்லை, காற்று இல்லை, சத்தம் இல்லை. வெளியே சாரல் மட்டும். பயம் இருந்தது, ஆனால் ஓடத் தோன்றவில்லை.

இவர் தொப்பியைச் சரிசெய்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்த்து, சின்னப்பிள்ளைக் குரலில் பேசினார்.

"உம்மா. என்னால வர முடியல உம்மா. மொகம் பாக்கல. எல்லாரும் கேட்டாவ, நான் மட்டும் கேக்கல. நான் ஏதும் செஞ்சிருந்தா, பேசியிருந்தா, பொருந்திக்கோங்க உம்மா. நானும் பொருந்திக்கிட்டேன்."

அன்று கட்டிலருகே நின்று அவர் கேட்டிருக்க வேண்டியது. இரண்டு மாதம் தொண்டையிலேயே வைத்திருந்திருக்கிறார். அழுதார், சத்தம் போட்டு. நான் திரையைத் தொட்டேன், வேறு எதைத் தொட.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சலாம் சொன்னார். எனக்கு இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மாமிக்குச் சொல்லும் அதே சலாம்.

படம் கொஞ்சம் பொறுத்தது. பிறகு நகரத் தொடங்கியது. அவசரப்படாமல். முதலில் தட்டு போயிற்று, பிறகு நாற்காலியின் கை, பிறகு முதுகு. என் முகத்துக்கு வந்து நின்றது.

"நீ சாப்பிடு" என்றார் என்னிடம். இரண்டு பேரும் ஆறின சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம்.

ஜூலை 26, சனி

சாரல் குறைந்திருக்கிறது.

காலையில் அவர் மெசேஜ்: "நல்லாத் தூங்குனேன். ரொம்ப நாளைக்குப் பொறவு." இன்னொன்று: "பழசு வேண்டாம். இதுவே நல்லாருக்கு."

சனிக்கிழமை அவர் வீடியோவில் வந்ததே இல்லை. இன்று வந்தார். கால் மணி நேரம். என்னை மட்டும் பார்த்துப் பேசினார். கண் மருந்து போடு, பேரீச்சை தின்னு, வருஷக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன் என்றார். நாற்காலி எங்கே என்று கேட்கவில்லை. படம் ஒருமுறை கூட நகரவில்லை.

மைனியிடம் சொல்லியிருக்கிறார் போல. போனில் அழுதாள். "ஒனக்கு ஏதும் தெரிஞ்சுதாட்டி?" நான் ஒன்றும் பார்க்கவில்லை மைனி, கேமராதான் நகர்ந்தது என்றேன். உண்மையும் அதுதான். துணிப்பைப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அண்ணாச்சியும் கூப்பிட்டார். "எப்பிடிம்மா, இப்ப பழகிட்டா?" பழகிவிட்டது என்றேன். பழைய பீஸை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது. மடித்து வைக்க வேண்டும்.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் கண் என் பக்கம் திரும்பிவிட்டது. படத்தில் முழு முகம். சந்தோஷமாக இருக்க வேண்டும். காலையில் இருந்து வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இத்தனை நாள் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பது இன்றைக்குத்தான்.

பன்னிரண்டு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இரண்டு எடுத்து மேசையில் வைத்தேன். லேப்டாப்பைத் திறந்து கேமராவைப் போட்டேன், யாரையும் கூப்பிடாமல். கிட்டே வந்தது. நான் மட்டும்.

அன்று பொருத்தம் நானும் கேட்டேன். ஆனால் கூட்டத்தில், எல்லாரும் சொல்வதோடு சேர்த்து, அடுப்பில் டீ கொதிக்கிறதே என்ற நினைப்போடு. அது கேட்டதாகக் கணக்கா என்று தெரியவில்லை. எங்களுக்குள் அவ்வளவு இருந்தது, பிஸ்கட்டில் இருந்து நாற்காலி வரை.

நாற்காலியை இடது பக்கம் சரியாக வைத்தேன். நகர்ந்து உட்கார்ந்தேன், இடம் விட்டு. கேமரா என் பின்னாலேயே நகர்ந்து வந்தது, என்னை மட்டும் பிடித்துக்கொண்டு. திரும்பி வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டே வருமாம். இது பார்க்கவே இல்லை.

லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். "மாமி, இன்னும் கிட்ட வாங்க, மறைச்சாப் பரவால்ல" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டேன்.